ஒன்ராறியோவில் இணையவழித் தெரபி தொடங்க விரும்பும் தங்கைக்கு

ஊரில் உளவளத்துணையில் முதுகலைப் பட்டம் பெற்று, சில வருடங்கள் வேலையும் செய்துவிட்டு, கணவரோடு ஒன்ராறியோவுக்கு வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். வீட்டிலிருந்தபடியே இணையத்தில் தமிழர்களுக்குத் தெரபி கொடுக்கலாமா, அதை எப்படி விளம்பரப்படுத்துவது, பதிவு கிடைக்கும்வரை 'லைஃப் கோச்' என்று போட்டுக்கொண்டு தொடங்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். நான் இதே மாகாணத்தில் பதிவுபெற்ற சைக்கோதெரபிஸ்ட், அதாவது பேச்சுவழி உளச்சிகிச்சையாளர். பல வருடங்களாக, பெரும்பாலும் இணையவழியில், தமிழ்க் குடும்பங்களோடுதான் வேலை செய்கிறேன். என்னை அக்கா என்று அழைத்துக் கேட்டதால், கடைசிக் கேள்விக்கு முதலில் நேராகவே பதில் சொல்கிறேன்: அது வேண்டாம்.

இங்கே 2007ஆம் ஆண்டின் சைக்கோதெரபிச் சட்டம் 2015 ஏப்ரல் 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. சைக்கோதெரபிஸ்ட் என்ற தொழிற்பெயரை உரிய பதிவு இல்லாதவர் பயன்படுத்தக் கூடாது. அதன் சுருக்கத்தையோ வேறு மொழியில் அதற்கு நிகரான பெயரையோ போட்டுக்கொள்வதும் தடைசெய்யப்பட்டிருப்பதால், தமிழில் மட்டும் அச்சடித்த துண்டுப்பிரசுரம் யார் கண்ணிலும் படாது என்று எண்ணிவிடாதீர்கள். 2017 டிசம்பர் 30 முதல் தொழிற்பெயர் மட்டுமல்லாமல் செயலும் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. ஒருவருடைய சிந்தனை, மனநிலை, நினைவு போன்றவற்றில் உள்ள கடுமையான கோளாற்றுக்குப் பேச்சுவழிச் சிகிச்சை அளிக்கும் உரிமை ஆறு தொழில் ஒழுங்குமுறை அமைப்புகளின் உறுப்பினர்களுக்கே உண்டு. சைக்கோதெரபிஸ்ட்டுகள், உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், தாதியர், தொழில்வழிச் சிகிச்சையாளர்கள், வைத்தியர்கள் ஆகியோரே அவர்கள்.

சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டு வேலையை மட்டும் பார்த்தாலும் என் பதில் மாறாது. 'கோச்' என்று நம்பி, வேலையில் முன்னேறுவதைப் பற்றிப் பேச வரும் ஒருவர், மூன்றாவது சந்திப்பில் தனக்கு உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று சொல்லக்கூடும். நம்முடைய ஆட்கள் பலர் அப்படித்தான், சின்ன விஷயத்தில் தொடங்கி, நம்பிக்கை வந்த பிறகுதான் உள்ளே இருப்பதைச் சொல்வார்கள். அந்த நேரத்தில் உங்களுக்குப் பதிவும் தொழில்சார் காப்புறுதியும் உடனே அழைத்துக் கேட்க ஒரு மேற்பார்வையாளரும் இல்லாவிட்டால், அவரையும் காப்பாற்ற முடியாது, உங்களையும் காப்பாற்ற முடியாது.

ஆகவே பதிவிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியது ஒன்ராறியோ பதிவுபெற்ற சைக்கோதெரபிஸ்ட்டுகள் கல்லூரிக்கு. பெயரில் கல்லூரி என்றிருந்தாலும் அது பாடம் நடத்தும் இடமன்று, தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. வெளிநாட்டுப் பட்டத்தை அவர்கள் பாடம் பாடமாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதால், பட்டச் சான்றிதழைவிட விரிவான பாடத்திட்டமும் களப்பயிற்சி பற்றிய கடிதங்களுமே அதிகம் பயன்படும். உங்களுடைய பழைய விரிவுரையாளர்களும் மேற்பார்வையாளர்களும் இன்னும் அதே இடங்களில் இருக்கும்போதே அவற்றை எழுதி வாங்கிவிடுங்கள். தகுதி ஏற்கப்பட்டால், தகுதிகாண் பிரிவில் பதிவு பெற்று மேற்பார்வையின்கீழ் வேலை செய்யத் தொடங்கலாம். பதிவுத் தேர்வு எழுதி, கிளையன்டுகளோடு நேரடியாக 450 மணிநேரமும், அந்த வேலையைப் பற்றி மேற்பார்வையாளரோடு பேசும் 100 மணிநேரமும் முடித்தால் முழுப் பதிவு. மேற்பார்வை இல்லாமல் தனித்து இயங்குவதற்கு 1,000 நேரடி மணிநேரமும் 150 மேற்பார்வை மணிநேரமும் வேண்டும். இந்தக் காலத்தை வீணான காத்திருப்பாக நினைக்க வேண்டாம். நாலைந்து தெரபிஸ்ட்டுகள் சேர்ந்து நடத்தும் ஒரு நிலையத்தில் பங்கு அடிப்படையில் இணைந்தால், கட்டணத்தில் ஒரு பகுதி அவர்களுக்குப் போனாலும், கிளையன்டுகளைத் தேவைப்பட்டால் வேறொருவரிடம் அனுப்புவதும் பற்றுச்சீட்டு எழுதுவதும் கோப்புகளைப் பேணுவதும் எப்படி என்று கையோடு கற்றுக்கொள்ளலாம். தனியாகத் தொடங்கி இவற்றையெல்லாம் ஒரே நேரத்தில் சுமப்பதைவிட இதுவே நல்ல வழி என்பது என் உறுதியான எண்ணம்.

இணையவழி என்பதால் உலகில் எங்கிருக்கும் தமிழரையும் பார்க்கலாம் என்ற எண்ணம் உங்கள் கடிதத்தில் தெரிந்தது. அமர்வு நடக்கும் நேரத்தில் கிளையன்டின் உடல் எந்த மண்ணில் இருக்கிறதோ, அந்த இடத்தின் சட்டமும் உங்களைக் கட்டுப்படுத்தும். பக்கத்திலுள்ள கியூபெக்கில்கூட சைக்கோதெரபி செய்வதற்கு 2012 முதல் தனி அனுமதிப்பத்திரம் தேவைப்படுகிறது. ஊரிலுள்ள பழைய கிளையன்டுகளை இங்கிருந்து தொடர்வதாக இருந்தால், அந்நாட்டு விதி என்ன என்பதையும், உங்கள் காப்புறுதி அதை ஏற்குமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே தொடருங்கள்.

இதனால்தான் நான் ஒவ்வொரு அமர்வையும், பல மாதங்கள் பழகியவரோடுகூட, 'இப்போது எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா' என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறேன். மாமியார், பிள்ளைகள், கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவர் என்று ஆட்கள் நிறைந்த வீட்டில் தனியறை கிடைப்பது அரிது. அதனால் பலர் கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில் காரை நிறுத்திவிட்டு, தொலைபேசியை ஸ்டியரிங்மீது சாய்த்துவைத்துப் பேசுவார்கள். அவர் நிற்கும் இடத்தின் முகவரி என்னிடம் இருந்தால்தான், ஆபத்தென்று தோன்றும்போது 911க்குச் சொல்ல முடியும். வாகனம் ஓடிக்கொண்டிருந்தால் நான் அமர்வைத் தொடங்குவதில்லை. வீட்டுக்குள் வன்முறை இருக்கும் என்று சந்தேகம் வந்தால், யாராவது அறைக்குள் வந்துவிட்டதைத் தெரிவிக்க ஒரு சாதாரணச் சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வோம். நெருக்கடி நேரத்தில் அழைப்பதற்காக 2023 நவம்பர் 30 முதல் நாடு முழுவதும் இயங்கும் 9-8-8 என்ற இலக்கத்தையும் முதல் நாளே கொடுத்துவிடுவேன். இணையவழி ஒருவருக்குப் பாதுகாப்பில்லை என்று பட்டால், அதைச் சொல்லி நேரில் பார்ப்பவரிடம் அனுப்பிவிட வேண்டும்.

இனி நீங்கள் அதிகம் கேட்ட விளம்பரத்துக்கு வருகிறேன். நம் சமூகத்தில் உங்களிடம் வரத் தயங்குபவர், நீங்கள் திறமைசாலியா என்று சந்தேகப்படுவதைவிட, தன் கதை வெளியே போய்விடுமோ என்றுதான் அதிகம் பயப்படுகிறார். கோயிலிலும் கலியாண மண்டபத்திலும் நாளைக்கு உங்களைச் சந்திக்க நேரும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே உங்கள் இணையத்தளத்தின் முதல் பக்கத்தில் பட்டங்களை அடுக்குவதற்கு முன்பு, இரகசியம் எப்படிக் காக்கப்படும், எந்தச் சில சூழ்நிலைகளில் மட்டும் அதைச் சட்டப்படி மீற நேரும், வெளியில் சந்தித்தால் அவராக வந்து பேசினாலொழிய நீங்கள் தெரிந்தவர்போல் காட்டிக்கொள்ள மாட்டீர்கள் என்பவற்றை எளிய தமிழில் எழுதுங்கள். கூடவே உங்கள் குரலில் ஒரு நிமிட ஒலிப்பதிவு இருந்தால் நல்லது. நீங்கள் எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்ட பிறகு அழைப்பது அவருக்குச் சுலபமாக இருக்கும்.

சொன்னதைக் காக்கவும் வேண்டும். ஒன்ராறியோவின் 2004ஆம் ஆண்டுத் தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். கிளையன்டுகளோடு வட்ஸ்அப்பில் விஷயம் பேச வேண்டாம். தனித் தொலைபேசி இலக்கமும், ஜேன் போன்று சிகிச்சை நிலையங்களுக்காகவே உருவான மென்பொருளும் வைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளைக் கடைசித் தொடர்பிலிருந்து 10 வருடங்கள் வைத்திருக்க வேண்டும், சிறுவராக இருந்தால் அவருக்கு 18 வயதான நாளிலிருந்து 10 வருடங்கள்.

மற்றத் தொழில்களில் வாடிக்கையாளரின் பாராட்டே பெரிய விளம்பரம். நமக்கு அது தடை. கிளையன்டின் சான்றுரையை விளம்பரத்தில் போடக் கூடாது, கூகுளில் மதிப்புரை எழுதும்படி கேட்கவும் கூடாது. யாராவது தாமாகவே எழுதிவிட்டால் அதற்கு நன்றி சொல்லிப் பதில் போடவும் வேண்டாம், ஏனென்றால் அந்த நன்றியே அவர் உங்களிடம் வந்தவர் என்று ஊருக்குச் சொல்லிவிடும்.

பிறகு ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்பீர்கள். என் அனுபவத்தில் இரண்டு வழிகள் பயன்பட்டன. சைக்காலஜி டுடே போன்ற தொழில்சார் பட்டியல்களில் மொழியைத் தெரிவுசெய்து தேடலாம் என்பதால், அங்கே தமிழ் என்று குறிப்பிட்டிருப்பது மாதக் கட்டணத்துக்குத் தகும். அதைவிட வலுவானது, மற்றத் தொழில் செய்பவர்களின் அறிமுகம். தமிழ்க் குடும்ப வைத்தியர்கள், விவாகரத்து வழக்குகளைப் பார்க்கும் சட்டத்தரணிகள், குடியேறியோர் சேவை நிலையப் பணியாளர்கள் ஆகியோருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். யாரைப் பார்ப்பீர்கள், யாரைப் பார்க்க மாட்டீர்கள், எத்தனை நாளில் முதல் சந்திப்புக் கிடைக்கும் என்ற மூன்றும் அதில் தெளிவாக இருந்தால் போதும். அறிமுகத்துக்குக் கூலியாகப் பணமோ பரிசோ கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். பொது நிகழ்ச்சியில் உரையாற்ற அழைத்தால் போங்கள், ஆனால் முடிந்ததும் வாசலில் மேசைபோட்டு நிற்காதீர்கள். எல்லோரும் பார்க்க உங்களிடம் வந்து பெயர் எழுதிக்கொடுக்க யாரும் துணிய மாட்டார்கள். தகவல் அட்டைகளைக் கழிப்பறைக் கண்ணாடிக்கு அருகில் வைத்துவிட்டு வந்தால், எடுப்பவர் தனியாக எடுத்துக்கொள்வார்.

உங்களைத் தேடி வருபவர்கள் எல்லோரும் தமிழில்தான் பேசுவார்கள் என்றும் எண்ண வேண்டாம். இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள், ஆனால் தன் சம்பளத்தில் தங்கையின் கலியாணத்துக்கு ஏன் காசு போகிறது என்பதை விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒருவரை விரும்பித் தேடுகிறார்கள். ஆகவே இணையத்தளத்தை இரண்டு மொழிகளிலும் எழுதுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாகாண அரசின் சுகாதாரக் காப்புறுதியான ஓஹிப் எங்கள் கட்டணத்தைக் கொடுக்காது, வேலைத்தலக் காப்புறுதி பலருக்குக் கொடுக்கும். ஆனால் சில திட்டங்கள் உளவியலாளரையும் சமூகப் பணியாளரையும் மட்டுமே ஏற்பதால், முதல் அழைப்பிலேயே அதைச் சரிபார்க்கும்படி கிளையன்டிடம் சொல்லிவிடுங்கள். 2024 ஜூன் 20 முதல் சைக்கோதெரபிக்கு எச்.எஸ்.டி. வரி இல்லை. சுயதொழில் என்பதால் கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு ஊழியர் பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் நீங்களே கட்ட வேண்டும். வரிப் படிவத்துக்கு ஜூன் 15 வரை நேரமிருந்தாலும் வரிப் பணத்தை ஏப்ரல் 30க்குள் கட்டிவிட வேண்டும். காசில்லாமல் வருபவரைத் திருப்பி அனுப்புவது கடினம். குறைந்த கட்டணத்துக்கு வாரத்தில் எத்தனை இடங்கள் என்று முன்பே தீர்மானித்துக்கொண்டு, மீதிப் பேருக்கு மாகாணத்தின் இலவச ஒன்ராறியோ கட்டமைக்கப்பட்ட சைக்கோதெரபித் திட்டத்தைச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் அது உதவும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது, பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் பாடத்திட்டத்தைக் கேட்பதுதான். அது கைக்கு வந்ததும் கல்லூரியின் விண்ணப்பத்திலுள்ள தகுதிப் பட்டியலோடு நீங்களே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்து, எந்தப் பாடம் குறைகிறது என்று எனக்கு எழுதுங்கள். குறைவதை இங்கே எந்த வகுப்பில் நிரப்பலாம் என்றும், தமிழ் தெரிந்த மேற்பார்வையாளர்களில் யாரிடம் கேட்கலாம் என்றும் சொல்கிறேன்.