சொற்பட்டியல் மொழியாகாது

கேள்வி: நான் எழுதும் மிகுபுனைவு நாவலில் மலைவாழ் மக்கள், கடலோர மக்கள் என இரண்டு இனங்கள் வருகின்றன. இரண்டு மொழிகளுக்கும் சேர்த்து முந்நூறு சொற்களை எழுதி வைத்திருக்கிறேன். அந்நியமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக க்ஷ்ர'ஆத், ஸ்வ'ழோக் என்பதுபோல் பெயர் வைத்தேன். மலைப் படைத்தலைவன் பெயர் மட்டும் எளிமையாக, நாரி. படித்துப் பார்த்த நண்பர்கள், 'தமிழ் வாக்கியத்தில் வேறு சொற்களை மாட்டியதுபோல் இருக்கிறது' என்கிறார்கள். எத்தனை ஒலிகள் தேவை? இலக்கணம் எவ்வளவு வேண்டும்?

பதில்: நண்பர்கள் சொல்வது சரி. முந்நூறு சொற்களையும் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். புதிதாக மொழி செய்பவர்கள் எல்லோரும் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். ஆனால் ஒரு மொழிக்கு முகம் தருவது அதில் இல்லாத ஒலிகளும் அது அனுமதிக்காத சேர்க்கைகளும்தான். ஹவாய் மொழியில் மெய்யொலிகள் எட்டே எட்டு. ர, ஸ இரண்டும் கிடையாது. இரண்டு மெய்கள் சேர்ந்து வராது. எந்தச் சொல்லும் மெய்யில் முடியாது. அதனால் 'மெர்ரி கிறிஸ்மஸ்' அங்கே 'மெலே கலிகிமாகா' ஆகிறது. அந்த மொழியின் ஒரு சொல்லும் தெரியாதவர்கூட அதன் ஓசையைப் பிடித்துக்கொள்வார். லக்ஷ்மியை இலக்குமி ஆக்கிய தமிழ் செய்ததும் இதே வேலைதான்.

உங்கள் க்ஷ்ர'ஆத் எதையும் விலக்காத பெயர். நடுவில் தொங்கும் அந்தக் குறிக்கு என்ன ஒலி? தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலி என்றால் சரி; அது பல மொழிகளில் உண்டு. அலங்காரம் என்றால் எடுத்துவிடுங்கள்.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. வேற்று மொழிகளில் வந்த வழிகாட்டிகள் இதைச் சொல்லாது. உங்கள் வாசகர் எதைப் பார்த்தாலும் தமிழ் வாசிப்பு விதிப்படியே ஒலிப்பார். 'கதவு' என்பதில் முதலில் வரும் க வன்மையாக ஒலிக்கிறது. 'அகம்' என்பதில் இரண்டு உயிர்களுக்கு நடுவே அதே எழுத்து மென்மையாகி, பலர் வாயில் ஏறக்குறைய ஹ ஆகிவிடுகிறது. ஆகவே வல்லொலியும் மெல்லொலியும் தனித்தனிப் பொருள் தரும் மொழியை உருவாக்கினால், அந்த வேறுபாடு உங்கள் குறிப்பேட்டில் மட்டும்தான் இருக்கும். அச்சில் வராது. இதோடு மல்லுக்கட்டாதீர்கள். சொல்லின் முதலில் வன்மை, உயிர்களின் நடுவே மென்மை என்பதையே மலைமொழியின் விதியாக வைத்துவிடுங்கள். வாசகர் தானாகவே சரியாக உச்சரிப்பார். அதே காரணத்தால் மலைமொழிக்கு ஹ வேண்டாம். நடுவில் வரும் க-வோடு அது மோதும்.

ஒரு மாதிரி செய்து காட்டுகிறேன். மலைமொழிக்கு உயிர்கள் அ, இ, உ, அவற்றின் நெடில்கள், அவ்வளவுதான். எ-யும் ஒ-வும் கிடையாது. மெய்கள் க, த, ப, ம, ந, ல, ர, வ. (ந-வும் ன-வும் இங்கே ஒரே ஒலி, எழுதும்போது தமிழ் வழக்கப்படி இடத்துக்கேற்ப மாறும்.) எந்தச் சொல்லும் உயிரில் தொடங்காது. சொல்லின் கடைசியில் உயிரோ ன், ல், ர் என்பவற்றில் ஒன்றோ மட்டுமே வரும். மெய்கள் அடுத்தடுத்து வராது. இனி சொற்கள்: பரகின் – தலைவன், பிரன் – நீர், கிமுல் – தீ, லூர – வருதல். கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். தமிழின் சொந்தச் சொற்கள் ல-விலும் ர-விலும் தொடங்குவதில்லை. அதனால்தான் உலோகம், இராமன் என்று முன்னால் ஓர் உயிரை வைத்தார்கள். அந்த ஒரு தடையை நீக்கினால் போதும், சொல் அந்நியமாகிவிடும். மேற்கோள்குறி எதற்கு?

கடலோர மொழியைத் தனியாக உருவாக்க வேண்டாம். இரு மக்களும் என்றோ ஒரே குடியாக இருந்தவர்கள் என்று கதை இடம் தந்தால், மலைமொழியிலிருந்தே அதை வடித்தெடுக்கலாம். நம் கண்முன்னே உதாரணம் இருக்கிறது. தமிழில் பால், புலி, பல். கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹல்லு. சொல்லின் முதலில் நின்ற ப அங்கே வரிசையாக ஹ ஆகியிருக்கிறது. வேறு இடத்தில் மாறியது நாம்: கன்னடம் கிவி என்று பழைய க-வைக் காக்க, தமிழில் அது செவி ஆனது. ஒலி மாறினால் பெரும்பாலும் இப்படி அணிவகுத்தே மாறும், சொல்லுக்குச் சொல் தனித்தனியாக அல்ல. ஆக, மூன்று விதிகள் வையுங்கள். முதலில் நிற்கும் ப, ஹ ஆகும். இ-க்கு முன் நிற்கும் க், ச் ஆகும். இறுதி ன் விழுந்து முன்னுள்ள உயிர் நீளும். பரகின் இப்போது ஹரசீ. பிரன், ஹிரா. கிமுல், சிமுல். இரண்டாம் மொழி ஒரு பிற்பகலில் கிடைத்துவிடும். அதோடு, பரகினும் ஹரசீயும் ஒரே பட்டம் என்று ஏதோ ஓர் அத்தியாயத்தில் ஒரு பாத்திரம் கண்டுபிடிக்கும் காட்சியும் இலவசம்.

இலக்கணத்துக்கு வருவோம். நண்பர்கள் உணர்ந்த குறை இங்கேதான். 'நான் நாளை மலைக்குப் போவேன்' என்பதற்கு ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுச் சொல் வைத்தால் கிடைப்பது சங்கேதக் குறியீடு. எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. இரண்டு இடங்களில் ஆழமாக மாற்றுங்கள்.

முதல் இடம் சொல்வரிசை. தமிழ்போல் எழுவாய், செயப்படுபொருள், வினை என்று அடுக்குவதும், ஆங்கிலம்போல் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்று அடுக்குவதுமே உலக மொழிகளில் மிகப் பரவலானவை. வினையை முதலில் வைக்கும் மொழிகள் குறைவு; செவ்வியல் அரபியும் வேல்ஷும் அவ்வகை. மலைமொழிக்கு அதைத் தரலாம். ஆனால் வரிசையை மாற்றினால் அதைச் சார்ந்தவையும் நகரும். வினை கடைசியில் வரும் மொழிகள் பெரும்பாலும் 'மலையின் மேல்' என்று பெயருக்குப் பின்னால் இடத்தைச் சொல்கின்றன. வினைமுதல் மொழிகள் பெரும்பாலும் 'மேல்' என்பதைப் பெயருக்கு முன்னால் வைக்கும். 'நேற்று வந்த பையன்' என்று நாம் முன்னால் அடுக்குவதையும் அவை 'பையன்' என்று தொடங்கிப் பின்னால் விளக்கும். இந்தச் சங்கிலியைப் பின்பற்றினாலே வாக்கியத்தின் நடை தமிழிலிருந்து விலகிவிடும்.

இரண்டாம் இடத்தை உங்கள் கதை தேர்ந்தெடுக்கட்டும். நான் எழுதினால் சான்றுவிகுதியை, அதாவது சொல்லும் செய்தியை எப்படி அறிந்தோம் என்று காட்டும் விகுதியை எடுப்பேன். 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். 'ஆம்' சேர்த்தால் நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன் என்று பொருள். தமிழில் அது விருப்பம். துருக்கியில் 'கெல்தி' நேரில் அறிந்த வருகை, 'கெல்மிஷ்' பிறர் சொல்லியோ தடயம் கண்டோ அறிந்த வருகை. அமேசான் பகுதியின் துயுகா மொழி இன்னும் கறார்: கண்டதா, வேறு புலனால் உணர்ந்ததா, தடயத்தால் ஊகித்ததா, கேட்டதா, பொதுவழக்கால் கருதுவதா என ஐந்தில் ஒன்றை வினையிலேயே சொல்லியாக வேண்டும். மலைமொழிக்கு இரண்டு போதும்: கண்டதற்கு -தி, கேட்டதற்கு -மு. லூரதி பரகின்: தலைவன் வந்தான், நான் பார்த்தேன். லூரமு பரகின்: வந்தானாம். இப்போது விசாரணைக் காட்சி ஒன்றை நினைத்துப் பாருங்கள். சாட்சி பதற்றத்தில் -மு என்று முடித்துவிடுகிறான். அவன் அங்கே இருக்கவே இல்லை என்பது அவையில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. இலக்கணமே கதையை நகர்த்துகிறது. காலம், எண், வேற்றுமை போன்ற மற்றவற்றைத் தமிழ்போலவே வைத்துக்கொண்டாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

விதிவிலக்குகள் வேண்டுமா? கொஞ்சம் வேண்டும். 1887-இல் சாமென்ஹோஃப் வெளியிட்ட எஸ்பெராந்தோ என்ற செயற்கை மொழியின் வினைகள் ஒழுங்காக இருப்பதற்குக் காரணம், யாரும் எளிதில் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். உங்கள் மொழியோ பழையதாகத் தோன்ற வேண்டும். அடிக்கடி புழங்கும் நான்கைந்து வினைகளை மட்டும் கோணலாக்குங்கள். வா, வருகிறான், வந்தான் என்று நம் வினையே எப்படித் திரிகிறது பாருங்கள். அரிய சொற்களைக் கோணலாக்கினால் நம்பமுடியாது, மக்கள் மறந்து ஒழுங்காக்கிவிடுவார்கள்.

சொற்களை உருவாக்கும்போது தமிழ்ச்சொல் ஒன்றுக்கு ஒன்று என்று போகாதீர்கள். இந்தியில் நேற்றும் நாளையும் ஒரே 'கல்'. நமக்கு நாம், நாங்கள் என இரண்டு, ஆங்கிலத்துக்கு ஒன்றுதான். பத்து சொற்களிலாவது இப்படி எல்லையை நகர்த்துங்கள். மொத்தம் நூற்றைம்பது வேர்ச்சொற்கள் ஒரு நாவலுக்குத் தாராளம். அச்சில் வரப்போவது பெயர்களும் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்களும்தான். நூலின் கடைசியில் இலக்கணப் பின்னிணைப்பு போடும் ஆசையை அடக்குங்கள். விதிகள் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும்.

கடைசியாக, ஒவ்வொரு பெயரையும் தமிழ் அகராதியில் ஒருமுறை தேடுங்கள். உங்கள் மலைப் படைத்தலைவனின் பெயருக்குத் தமிழில் பெண் என்று பொருள். மாற்றுங்கள். ல-வில் தொடங்கினால் அந்நியமாகும் என்று சொன்னேனே, அதற்காக அவசரத்தில் லாரி என்று மாற்றிவிடாதீர்கள்.