ஏலத்தோட்டத்து ஜீப்பும் ஊர்ச் சமாதானமும்: கேள்வி பதில்

கம்பம், குமுளி பக்கத்து ஆட்கள் பிள்ளைகள் பாதுகாப்பு பற்றிக் கேட்டவை. பத்து வருஷத்துக்கு மேலாக இந்தப் பிள்ளைகள் பாதுகாப்பு வேலையில்தான் இருக்கிறேன்.

மலை மேலே கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கங்காணி தப்பாக நடந்தான். வீடு கம்பத்தில். எங்கே புகார் தருவது அக்கா?

கம்பத்திலேயே கொடு தங்கச்சி. "அது கேரளா, அங்கே போ" என்று திருப்பி அனுப்பக் கூடாது, ஜீரோ எஃப்.ஐ.ஆர். (குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் பதிகிற வழக்கு) போட்டு அவர்களே அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். தயங்கினால் பிள்ளைகள் உதவி எண் 1098க்குப் போன் அடி. பிள்ளை இருக்கும் இடத்துக்கே போய், சீருடை இல்லாமல், கூடுமானவரை பெண் எஸ்.ஐ. கேட்க வேண்டும், ராத்திரி ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. அப்புறம், அத்தை சித்தி என்று ஆளாளுக்குக் கூப்பிட்டு வைத்து அந்தப் பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். ஊர்ச் சமாதானம் பேசவே பேசாதீர்கள்.

பையனுக்கும் இதெல்லாம் நடக்குமா?

நடக்கும். 2007ல் வந்த மத்திய அரசு ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் பையன்கள். 18 வயது முடியாத யாராக இருந்தாலும், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் பொருந்தும்.





அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான். பிள்ளையை அடிப்பதும் வன்கொடுமையா?

ஆமாம் ஐயா. ஒரு பையன் இடது கையால் கோணல்மாணலாக எழுதிக்கொண்டிருந்தான், வலது கையைக் காட்டச் சொன்னால் மடியிலேயே வைத்துக்கொண்டான், மெதுவாக விரித்துப் பார்த்தால் உள்ளங்கை முழுக்கப் புளிய விளாறு தடம். வீட்டுப்பாடம் எழுதாததற்கு அப்பா கொடுத்தது. அதற்கு அப்புறம் அவன் நோட்டையே வீட்டில் காட்டுவதில்லை, அவ்வளவுதான் அந்த அடி செய்த உதவி.

நாங்களும் அடி வாங்கித்தான் ஆளானோம்.

அடி வாங்கியும் ஆளானீர்கள் ஐயா. பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய உங்கள் சேக்காளிகளையும் எண்ணிப் பாருங்கள்.

நான் வாத்தியார். 45 பிள்ளைகளைக் கம்பு இல்லாமல் எப்படிச் சமாளிப்பது?

கஷ்டம்தான் சார், 45 பேர் ஒருவருக்கு அதிகம், அதற்காகச் சண்டை போடுங்கள், நானும் கூட வருகிறேன். ஆனால் 2009ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதோடு, மனதை நோகடிப்பதையும் சேர்த்தே தடுக்கிறது. "நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பதும் அதில் அடக்கம்.

பிள்ளை பெயர் கெடும், பேசி முடித்தால் என்ன?

மூன்றாவது ஆள் இதையே கேட்கிறார், மேலே படிக்கவே இல்லையா? பெயரை வெளியே விட்டால் அதுவே குற்றம், அதனால் அந்தப் பயம் வேண்டாம். தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை ஜெயில், பஞ்சாயத்துப் பேசுகிற பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. பணம் வாங்கிக் கொடுத்து முடித்துவைத்தால், தப்பு செய்தவன் நாளைக்கும் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் அதே ஜீப்பில்தான் ஏறுவான்.

விடியும் முன்னே ஜீப் ஏறுகிறோம். ஏழு வயசுப் பிள்ளைதான் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறது. இதுவும் தப்பா?

உன்னைக் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன் தாயி, கூலிக்குப் போகாமல் அடுப்பு எரியாது. ஆனால் பராமரிப்பு இல்லாமல் விடுவதும் வன்கொடுமைக் கணக்கில்தான் வரும், ஏழு வயசு பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயசு. அங்கன்வாடியில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வார்களா, காலையில் எத்தனை மணியிலிருந்து என்று கேள். பார்த்துக்கொண்டால் அந்த நேரம் வரைதான் சிக்கல். அந்தத் தெருவில் வீட்டிலேயே இருக்கிறவர்கள் இதைப் படித்தால், பள்ளிக்கூட மணி அடிக்கும் வரை அந்த இரண்டையும் உங்கள் திண்ணையில் உட்கார வையுங்கள்.