கண்ட்ரோல் ஐஜிஜி போட்டாலும் டிஷ்யூ ஃபேக்டர் ஏறுதா?

ஏபிஎஸ் (ஆன்டிபாடியால ரத்தம் கட்டி உறையிற நோய்) நோயாளியோட ஐஜிஜி (ரத்தத்துல இருக்கிற ஒரு ஆன்டிபாடி வகை), கண்ட்ரோலா வச்ச நார்மல் ஐஜிஜி, ரெண்டுல எத போட்டாலும் மோனோசைட்ல (ஒரு வகை வெள்ளணு) பி38 பாஸ்பரிலேஷனும் (செல்லுக்குள்ள சிக்னல் ஓடுறதோட அடையாளம்) டிஷ்யூ ஃபேக்டரும் (ரத்தம் உறையறத தொடங்கி வைக்கிற புரோட்டீன்) ஒரே அளவு ஏறுதுன்னா அது ஆன்டிபாடி வேலை இல்ல, பெரும்பாலும் எல்பிஎஸ் (பாக்டீரியா சுவர்ல இருக்கிற எண்டோடாக்சின்) கலந்திருக்கு. ஐஜிஜிய பிரிச்செடுக்கிற புரோட்டீன் ஜி காலம் (column), இல்லன்னா பஃபர் வழியா வந்திருக்கும், மோனோசைட்டுக்கு துளி எல்பிஎஸ் போதும்.

கொஞ்சம் ஐஜிஜிய 100 டிகிரியில 10 நிமிஷம் வச்சு போட்டுப் பாருங்க, ஆன்டிபாடி கெட்டுடும், எல்பிஎஸ் அசராது, அப்பவும் சிக்னல் அப்படியே வந்தா சந்தேகமே வேணாம். பாலிமிக்சின் பி (எல்பிஎஸ்ஸ பிடிச்சு முடக்குற மருந்து) சேர்த்து ஒரு வெல்லும் ஓட்டுங்க.

ஆனா டிஎல்ஆர்4 (எல்பிஎஸ்ஸ உணர்ற செல் ரிசெப்டர்) இன்ஹிபிட்டர்ல சிக்னல் நின்னுச்சு, அதனால எல்பிஎஸ்தான்னு முடிவு கட்டிடாதீங்க. ஏபிஎஸ்ல பீட்டா2 கிளைக்கோபுரோட்டீன் 1ங்கிற ரத்தப் புரோட்டீன பிடிக்கிற ஆன்டிபாடியும் அதே டிஎல்ஆர்4 வழியா சிக்னல் குடுக்கும்னு காட்டியிருக்காங்க, பேப்பர் ரிவ்யூவர் முதல்ல அங்கதான் கை வைப்பாரு.