கேள்வி நேரம்: ஜெட் எஞ்சினும் வயலின் வில்லும்

கேள்வி: சீனன்குடாவில் விமானம் ஏறும் சத்தத்தோடு வளர்ந்தவன் நான். ஜெர்மனியின் முதல் ஜெட் எஞ்சின்கள் 25 மணித்தியாலம்கூடத் தாங்கவில்லையாமே, ஏன்?
- வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: நீங்கள் சொல்வது யூமோ 004 எஞ்சினை. அன்செல்ம் பிரான்ஸ் என்ற பொறியாளர் வடிவமைத்தது. மெசர்ஸ்மிட் 262 விமானத்தில் இரண்டு பூட்டினார்கள். முதல் காரணம் உலோகம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நிக்கலுக்குக் கடும் தட்டுப்பாடு. அதனால் எரியறைகளைச் சாதாரண உருக்குத் தகட்டில் செய்து, துருப்பிடிக்காமல் அலுமினியம் பூசினார்கள். அந்த வெப்பத்துக்கு அது எத்தனை நாள் நிற்கும்? டர்பைன் என்பது சூடான வாயு தள்ளிச் சுழலும் சக்கரம்; அதன் அலகுகளையும் (விளிம்பைச் சுற்றி நிற்கும் இறகு போன்ற தகடுகள்) உள்ளே கோறையாக்கி, காற்றை ஊதித்தான் குளிர்வித்தார்கள்.

1943இல் வேறொரு வில்லங்கம்: முழு வேகத்தில் அலகுகள் முறிந்தன. எரியறைகள் ஆறு, டர்பைனுக்குப் பின்னால் தாங்கிகள் மூன்று. சுழலும் அலகு இவை ஒவ்வொன்றையும் கடக்கும்போது ஒரு தட்டு விழும். அந்தத் தட்டுகளின் தாளம் அலகின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனால் முறிவுதான். அந்த இயல்பான அதிர்வை அறிய ஓர் இசைக்கலைஞரை அழைத்து, அலகின் மேல் வயலின் வில்லை இழுத்துச் சுருதி பார்த்தார்கள்! பிறகு அலகை 1 மில்லிமீற்றர் குறுக்கி, நுனியை இன்னும் மெலிதாக்கி, வேகத்தையும் நிமிடத்துக்கு 9,000 சுற்றிலிருந்து 8,700க்கு இறக்கினார்கள். தாளங்கள் விலகின, முறிவு நின்றது.

விமானியின் கையும் முக்கியம். எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் பிடியைச் சடாரென்று தள்ளினால் எரிபொருள் மிஞ்சி, டர்பைன் வெந்துவிடும்.