பழைய டிராக்டர்: சத்தம் எப்போது வருகிறது?

கேள்வி: 15 வருஷத்துப் பழைய மாஸி ஃபெர்குசன் 1035 டிராக்டர் ஒன்று விலைக்கு வருகிறது. இன்ஜின் குறையில்லை. ஓட்டினால் கியர் பாக்ஸ் ஊளையிடுகிறது. 'இந்த வண்டியே அப்படித்தாங்க' என்கிறார் விற்பவர். நம்பலாமா? – மன்னார்குடி வாசகர்

பதில்: பாதி நம்பலாம். அந்தக் காலத்து ஸ்லைடிங் மெஷ் பாக்ஸில் (கியர் சக்கரமே நகர்ந்து சேரும் வகை) பற்கள் நேராக வெட்டியவை. காரில் இருப்பதுபோல் சாய்வெட்டு கிடையாது. நேர்ப்பல் முழு அகலமும் ஒரே நேரத்தில் மோதி விலகுவதால், புது வண்டியிலேயே ஊளை உண்டு. ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் சீரான ஊளைக்குப் பயப்பட வேண்டாம். அதற்குள் கரகரப்போ உறுமலோ 'டக் டக்'கோ கலந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். இந்த ரக வண்டி சுத்தமாகச் சத்தமே போடவில்லை என்றால் அதுவும் சந்தேகம்தான். காரணம் அடுத்த பதிலில்.

சத்தம் எவ்வளவு பெரியது என்பதைவிட, எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பாருங்கள். சொல்லாமல் காலையில் போங்கள். கிளட்ச் ஹவுசிங்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள்.

நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, பி.டி.ஓ.வை (கருவிகளைச் சுழற்றும் பின்பக்க ஷாஃப்ட்) விலக்கி, கலப்பையைத் தூக்கும் லிஃப்டைக் கீழே இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஹைட்ராலிக் பம்பின் இரைச்சலைக் கியர் சத்தம் என்று நினைத்துவிடுவோம். கிளட்ச்சை மிதிக்காதபோது உறுமி, மிதித்ததும் அடங்கினால் கிளட்ச்சிலிருந்து பாக்ஸுக்குள் வரும் இன்புட் ஷாஃப்டின் பேரிங்கோ, அதனோடு சேர்ந்து கீழே சுற்றும் அடி ஷாஃப்டின் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. மிதித்தால் மட்டும் 'கிர்ர்' என்றால் கிளட்ச்சைத் தள்ளி விலக்கும் ரிலீஸ் பேரிங். டபுள் கிளட்ச் வண்டியில் (பாதி மிதித்தால் கியரும், முழுக்க மிதித்தால் பி.டி.ஓ.வும் விலகும்) பெடலைக் கடைசிவரை மிதித்தும் பார்க்க வேண்டும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஹவுசிங்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்தினால் எந்த இடத்தில் உறுமுகிறது என்பது தெளிவாகக் கேட்கும். ஃபேன் பெல்ட்டுக்கும் பி.டி.ஓ. ஷாஃப்டுக்கும் தள்ளி நில்லுங்கள். துண்டு, வேட்டி நுனி பத்திரம்.

அடுத்து ஓட்டிப் பாருங்கள், ஆனால் வெறும் வண்டியாக வேண்டாம். சுமையில்லாத வண்டி பொய் சொல்லும். ஒன்பது கொழுக் கலப்பையை மாட்டி வயலில் ஓட்டுங்கள், இல்லை லோடு ஏற்றிய டிரெய்லரோடு மேட்டில் ஏற்றுங்கள். ஒரே ஒரு கியரில் மட்டும் கத்தினால் அந்த ஜோடிப் பல்தான் தேய்ந்திருக்கிறது. எல்லாக் கியரிலும் சத்தம் இருந்து டாப்பில் மட்டும் குறைந்தால் அடி ஷாஃப்டைச் சந்தேகப்படுங்கள். டாப் கியர் நேரடி இணைப்பாக உள்ள பாக்ஸில் அந்த ஷாஃப்டுக்கு அப்போது சுமையே இல்லை. டாப்பிலும் குறையாமல், வண்டி வேகத்தோடு ஏறி, சீட்டுக்கு அடியிலிருந்து வந்தால் கிரவுன் பினியன், அதாவது பின் ஆக்சிலைச் சுற்றவைக்கும் பெரிய கிரவுன் சக்கரமும் சின்னப் பினியனும். ஆக்சிலேட்டரைக் கொடுக்கும்போதா, விட்டுவிட்டு இறக்கத்தில் உருளும்போதா என்பதையும் கவனியுங்கள். இரண்டிலும் வந்தால் பெரும்பாலும் பினியன் பேரிங் தளர்ந்திருக்கும். திரும்பும்போது மட்டும் வந்தால் டிஃபரன்ஷியலின் குட்டிக் கியர்கள்.

வண்டி இதுவரை என்ன வேலை செய்தது என்பதையும் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். செங்கல், மணல் அடித்த வண்டியில் டாப் கியரும் கிரவுனும் அடிவாங்கியிருக்கும். கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டித் தொழி உழவு, அதாவது சேற்று உழவு ஓட்டிய வண்டியில் ஆக்சில் சீல் வழியே சேற்றுத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். உழவிலேயே இருந்த வண்டியில் வேகம் குறைந்த சின்னக் கியர்கள்தான் முதலில் போகும். காவிரிப் பாசனத்து வண்டி என்றால் சேற்றை மறக்காதீர்கள்.

கேள்வி: ஆயிலை மாற்றியே சத்தத்தை மறைத்துவிடுவார்களாமே? – பொள்ளாச்சி வாசகர்

பதில்: மறைப்பார்கள். கெட்டியான 140 கிரேடு கியர் ஆயில் ஊற்றுவது சாதாரணம். கிரீஸ் கலப்பதும், மரத்தூள் போடுவதும்கூட உண்டு. கெட்டி ஆயில் பற்களுக்கு நடுவே மெத்தைபோல் நின்று சத்தத்தை அமுக்கிவிடும்.

மாட்டிக்கொடுப்பது லிஃப்ட். பல பழைய மாடல்களில் கியர், பின் ஆக்சில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில். அது கெட்டியாக இருந்தால் காலையில் குளிர்ந்த பம்ப் உறிஞ்சத் திணறும். கலப்பை மெதுவாக, விட்டுவிட்டு எழும். ஒரு மணி நேரம் உழுதபின் லிஃப்ட் சரியாகி, அதே சமயம் கியர் சத்தம் தலைகாட்டினால் விஷயம் புரிந்துவிடும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்தி ஒரு டம்ளர் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தங்குவதால் முதலில் அதுதான் வரும். மோர் நிறத்தில் வந்தால், தண்ணீர் ஆயிலோடு அடிபட்டுக் கலந்திருக்கிறது. பேரிங்குகள் துருவேறத் தொடங்கியிருக்கலாம். ஆயிலில் ஒரு காந்தத்தை விட்டு எடுங்கள். சாம்பல் நிறப் பசை தேய்மானம்தான், கவலையில்லை. நகத்தில் அகப்படும் செதில் என்றால் பேரிங் உரிகிறது. மூலையுள்ள துண்டு என்றால் பல் உடைந்திருக்கிறது. பேரத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

கேள்வி: மெதுவாகப் போகும்போது 'டக்… டக்' என்று கேட்கிறது. எந்தப் பல் என்று பிரிக்காமல் கண்டுபிடிக்க முடியுமா? – விழுப்புரம் வாசகர்

பதில்: ஓரளவு முடியும். பின் டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, சின்னக் கியரில் நேராக ஓட்டச் சொல்லி, கூடவே நடந்து எண்ணுங்கள். ஆக்சிலில் வேகத்தைக் குறைக்கும் தனி ரிடக்‌ஷன் இல்லாத மாடலில் சக்கரமும் கிரவுனும் ஒன்றாகவே சுற்றும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஒரு 'டக்' என்றால் கிரவுன் பல். சுமார் 6 தடவை என்றால் பினியன். எண்ணவே முடியாத வேகத்தில் அடித்தால் கியர் பாக்ஸ். ரிடக்‌ஷன் உள்ள வண்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டயரில் சிக்கிய கல்லும் சுற்றுக்கு ஒரு தடவைதான் அடிக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: சத்தத்தைக் காட்டி எவ்வளவு விலை குறைக்கலாம்? – தேனி வாசகர்

பதில்: குத்துமதிப்பாகக் கேட்காதீர்கள். பாக்ஸுக்குள் கை வைக்க வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்தாக வேண்டும். பேரிங் மலிவு, கூலிதான் அதிகம். பிரித்தபின் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் மூன்றையும் மாற்றாமல் சேர்ப்பது வீண். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வரும். ஒன்றை மட்டும் மாற்றினால் சத்தம் கூடும். உங்கள் மெக்கானிக்கிடம் இவற்றோடு முழு ஆயிலுக்கும் சேர்த்து எழுதி வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழியுங்கள். கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருகிற வண்டி என்றால், பல்லும் கியரை நகர்த்தும் ஃபோர்க்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள். டிரெய்லரோடு இறக்கத்தில் அது உயிருக்கே ஆபத்து, சரிசெய்யாமல் சாலையில் இறக்காதீர்கள்.