மெத்திலேஷன் பரிசோதனை அம்மாவுக்குத் தேவையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. ஜார்ஜ்டவுனில் மார்பக அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. கட்டி 2.3 செ.மீ. அக்குளில் ஒரே ஒரு நெறிக்கட்டியில் புற்றணுக்கள் இருந்தன. ஈ.ஆர். பாசிட்டிவ் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்2 நெகட்டிவ் (ஹெர்2 என்ற புரதம் மிகுதியாக இல்லாதது). கீமோ கொடுப்பதா வேண்டாமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. 'மரபணு மெத்திலேஷன்' பரிசோதனை செய்தால் நோய் திரும்புமா என்று தெரிந்துவிடும் என இணையத்தில் படித்தேன். ஆயிரக்கணக்கில் வெள்ளி செலவாகும் போலிருக்கிறது. செய்யலாமா? எனக்கும் இந்த நோய் வருமா? மெத்தில் ஃபோலேட் என்ற வைட்டமின் மாத்திரை நல்லது என்று அத்தை ஒரு புட்டி வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு மகள், பட்டர்வொர்த்

பதில்: பணத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

நம் டி.என்.ஏ.வில் சில இடங்களில் மெத்தில் என்ற சிறு வேதித்துணுக்கு ஒட்டிக்கொள்ளும். மரபணுவின் தொடக்கப் பகுதியில் அது நிறைய ஒட்டினால் அந்த மரபணு பேசாமல் அடங்கிவிடும். புத்தகத்தில் எழுத்துப்பிழை இருப்பது வேறு, இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டு படிக்க முடியாமல் போவது வேறு அல்லவா? மெத்திலேஷன் இரண்டாவது வகை. கட்டி வளராமல் தடுக்கும் மரபணுக்கள் இப்படி அடங்கிப்போவது மார்பகப் புற்றில் அடிக்கடி காணப்படுவதுதான்.

நீங்கள் படித்ததும் பொய்யில்லை. பிஐடிஎக்ஸ்2 என்ற மரபணுவைப் பற்றி நிறைய ஆய்வுகள் வந்துள்ளன. அம்மாவுக்கு இருப்பது போன்ற ஈ.ஆர். பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ் நோய் நெறிக்கட்டிக்கும் பரவி, ஆந்த்ராசைக்ளின் வகைக் கீமோ பெற்றவர்களில், அந்த மரபணுவில் மெத்திலேஷன் அதிகம் இருந்தவர்களுக்கு நோய் திரும்புவதும் அதிகமாக இருந்தது. ஆனால் நான் கேட்பது ஒன்றுதான்: முடிவு கைக்கு வந்த பிறகு சிகிச்சையில் எதை மாற்றப்போகிறோம்? கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டியில் எம்ஜிஎம்டி மரபணுவின் மெத்திலேஷனைப் பார்த்து, டெமோசோலமைட் மருந்து எவ்வளவு கைகொடுக்கும் என்று எடைபோடுகிறோம். மார்பகப் புற்றில் எந்த மெத்திலேஷன் பரிசோதனையும் வழக்கமான சிகிச்சையில் அந்த அளவுக்கு இடம் பிடிக்கவில்லை. பயத்தை மட்டும் கூட்டும் ஒரு தாளுக்கு எதற்குச் செலவு?

அம்மாவின் நிலையில் கேட்டுப் பார்க்க வேண்டிய பரிசோதனை வேறு. கட்டியில் 21 மரபணுக்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளந்து, நோய் திரும்பும் வாய்ப்புக்கு மதிப்பெண் தரும் ஆன்கோடைப் டிஎக்ஸ் அது. மெத்திலேஷனை அது பார்ப்பதில்லை. மாதவிடாய் நின்று, 1 முதல் 3 நெறிக்கட்டிகளில் நோய் இருந்து, மதிப்பெண் 25 அல்லது அதற்குக் கீழே வந்த பெண்களுக்கு, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையோடு கீமோ சேர்த்ததால் கூடுதல் பலன் இல்லை என்று 2021இல் வெளியான ஆர்எக்ஸ்பாண்டர் ஆய்வு காட்டியது. அதாவது, கீமோவே தேவைப்படாமல் போகலாம். இதற்கும் செலவு உண்டுதான். ஆனால் இது ஒரு முடிவை மாற்றக்கூடிய செலவு. அம்மாவைத் திரும்ப ஊசியால் குத்த வேண்டியதில்லை. அறுவையில் எடுத்த திசு மெழுகுக் கட்டியில் பதிந்து ஆய்வகத்தில் இருக்கும், அதிலிருந்தே செய்யலாம். கீமோ தொடங்குவதற்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.

இனி உங்கள் விஷயம். கட்டியில் ஏற்படும் மெத்திலேஷன் பொதுவாகத் தாயிடமிருந்து மகளுக்கு வருவதில்லை. வழிவழியாக வருவது பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 போன்ற மரபணுக்களில் பிறவியிலேயே உள்ள பிழை. மார்பகப் புற்றில் 5 முதல் 10 சதவீதம்தான் அப்படிப் பரம்பரையாக வருவது. பாட்டி, பெரியம்மா, சித்தி, அத்தைமார் யாருக்காவது மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்ததா என்று விசாரியுங்கள். அப்பா வழியையும் சேர்த்துத்தான். அதைப் பலர் கேட்பதே இல்லை. அப்படி யாரேனும் இருந்தால் மரபணு ஆலோசனைக்குப் போங்கள். இல்லாவிட்டாலும், அம்மாவுக்கு வந்ததை உங்கள் டாக்டரிடம் சொல்லி, எந்த வயதில் மேமோகிராம் தொடங்குவது என்று கேட்டு வையுங்கள்.

அத்தையின் புட்டியைத் திறக்க வேண்டாம். ஃபோலேட் உடலில் மெத்தில் தயாரிக்க உதவுவது உண்மை. ஆனால் அது எந்த மரபணுவில் போய் ஒட்ட வேண்டும் என்று மாத்திரை முடிவு செய்வதில்லை. மெத்திலை அகற்றும் அசாசிட்டிடின் போன்ற மருந்துகளே சில ரத்த நோய்களுக்குத்தான் பயன்படுகின்றன, மார்பகப் புற்றுக்கு அல்ல. ஃபோலேட் வேண்டுமானால் முருங்கைக்கீரையும் பசலையும் தாராளமாகச் சமைத்துக் கொடுங்கள்.

அம்மாவுக்கு அநேகமாக லெட்ரோசோல் போன்ற, ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை குறைந்தது 5 ஆண்டுகளுக்கு எழுதுவார்கள். நோய் திரும்பாமல் தடுப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான். காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் இறுகி, மூடியைக்கூடத் திருக முடியவில்லை என்று மாத்திரையை யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிடும் அம்மாக்களை நான் நிறையப் பார்க்கிறேன். அப்படி வலித்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். வேறு மாத்திரைக்கு மாற்ற வழி உண்டு.