சி.இ.ஏ. நார்மல் என்றால் நுரையீரல் நாட்யூல் புற்றுநோய் இல்லையா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. முப்பது வருடம் புகைபிடித்தவர். விட்டு எட்டு வருடமாகிறது. விடாத இருமலுக்காக எடுத்த சி.டி. ஸ்கேனில், வலது நுரையீரலின் மேல் மடலில் 11 மி.மீ. அளவில் ஒரு நாட்யூல் (சிறு கட்டி) தெரிகிறது. ஓரம் வழவழப்பாக இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் உள்ளது. திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சி என்றாலே அப்பா பயப்படுகிறார். சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை செய்தோம், 2.1, நார்மல். புற்றுநோய் இல்லை என்று நிம்மதியாக இருக்கலாமா? பயாப்சியைத் தவிர்க்க வேறு ரத்தப் பரிசோதனை உண்டா?

பதில்: சி.இ.ஏ. என்பது சில புற்றுகள் ரத்தத்தில் விடும் ஒரு புரதம்; அதன் முடிவை வைத்து அந்த நிம்மதிக்கு வர வேண்டாம். 11 மி.மீ. கட்டி புற்றாகவே இருந்தாலும் அது ரத்தத்தில் கலக்கவிடும் புரதம் மிகக் கொஞ்சம். ஆரம்ப நிலை நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு சி.இ.ஏ. வரம்புக்குள்தான் இருக்கும். புகைபிடிப்பவர்களுக்கும், கல்லீரல் நோய், குடல் அழற்சி உள்ளவர்களுக்கும் புற்று இல்லாமலேயே அது கூடும். "ட்யூமர் மார்க்கர்" (புற்றுக் குறிப்பான்) தொகுப்பில் வரும் மற்றவையும் இப்படித்தான். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ப்ரோ-ஜி.ஆர்.பி.யும் சைஃப்ரா 21-1-உம் உயரும். என்.எஸ்.இ. சிவப்பணுக்களுக்குள்ளேயே இருப்பதால், ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தாலே எண் எகிறிவிடும். முடி வளர்ச்சிக்கென்று அதிக அளவில் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சில ஆய்வக முறைகளில் முடிவே தவறாக வரலாம். நாட்யூல் என்ன என்று தீர்மானிக்க இந்தத் தொகுப்பை நான் எழுதிக் கொடுப்பதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, ரத்தம் எடுப்பதற்கு முன்பே உங்கள் அப்பாவுக்கு உள்ள வாய்ப்பு எவ்வளவு என்பது. வயது, புகைப் பழக்கம், முன்பு வேறு புற்றுநோய் வந்ததா, நாட்யூலின் விட்டம், ஓரம் முள்முள்ளாக இருக்கிறதா, மேல் மடலில் உள்ளதா என்ற ஆறு விவரங்களை வைத்துக் கணக்கிடும் மாயோ சூத்திரம் ஒன்று உண்டு. நீங்கள் சொன்ன விவரங்களை அதில் போட்டால் சுமார் 20 சதவீதம் வருகிறது. இதே நாட்யூலின் ஓரம் முள்முள்ளாக இருந்தால் 40-ஐத் தாண்டிவிடும். ஆக, ஐந்தில் நான்கு பங்கு இது புற்றல்ல. ஆனாலும் ஐந்தில் ஒரு பங்கை விட்டுவிட முடியாது. இந்த நடுவாந்தர நிலைக்காகத்தான் சில ரத்தப் பரிசோதனைகள் உருவாக்கப்பட்டிருக்கின்றன.

ஒன்று, எல்.ஜி.3.பி.பி., சி.163.ஏ. என்ற இரண்டு புரதங்களை அளந்து, நோயாளியின் விவரங்களோடு சேர்த்து மதிப்பெண் தருவது, நோடிஃபை எக்ஸ்.எல்.2 என்பது அதன் பெயர். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு, 8 முதல் 30 மி.மீ. வரையுள்ள நாட்யூலுக்கு, வாய்ப்பு 50 சதவீதத்துக்கு மேல் போகாதபோது மட்டுமே அது பொருந்தும். 2018-இல் வெளியான பனோப்டிக் ஆய்வில், புற்று உள்ளவர்களில் 97 சதவீதம் பேரை அது தவறவிடவில்லை. புற்று இல்லாதவர்களில் 44 சதவீதம் பேரை மட்டுமே "வாய்ப்பு குறைவு" என்று விடுவித்தது.

இந்த இரண்டு எண்களை உங்கள் அப்பாவைப் போன்ற 100 பேரிடம் வைத்துப் பாருங்கள். 20 பேருக்குப் புற்று, 80 பேருக்கு இல்லை. பரிசோதனை "குறைவு" என்று சொல்வது ஏறக்குறைய 36 பேருக்கு. அவர்களில் புற்று உள்ளவர் ஒருவர் இருந்தாலே அதிகம். 20 சதவீதம் 2-க்குக் கீழே இறங்குகிறது. அப்போது பயாப்சியை ஒத்திவைத்து ஸ்கேனில் கண்காணிப்பது நியாயம். மீதி 64 பேரில் 19 பேருக்குத்தான் புற்று. எனவே "குறைவு" என்று வராவிட்டால் அதைப் புற்று என்று படிக்கக் கூடாது. பழைய கணக்கோடுதான் தொடர வேண்டும். இதே பரிசோதனையை 65 சதவீத வாய்ப்புள்ளவருக்குச் செய்தால், "குறைவு" என்று வந்தாலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆபத்து மிஞ்சும். அதனால்தான் அந்த 50 சதவீத வரம்பு.

இன்னொன்று, கட்டிக்கு எதிராக உடல் உருவாக்கும் ஏழு எதிர்ப்புப் புரதங்களைத் தேடும் எர்லி-சி.டி.டி. என்ற பரிசோதனை. இது எதிர்த்திசையில் வேலை செய்வது. புற்று இல்லாதவர்களில் பத்துக்கு ஒருவருக்குத்தான் பாசிட்டிவ் வரும்; ஆனால் புற்று உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களை விட்டுவிடும். பாசிட்டிவ் என்றால் 20 சதவீதம் ஏறக்குறைய 50 ஆகிறது. பயாப்சியைத் தள்ளிப்போடக் கூடாது. நெகட்டிவ் என்றால் 14 அளவில்தான் நிற்கும். எந்த முடிவையும் அது மாற்றாது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2022-இல் நாட்யூல்களுக்கு இதை வழக்கமான பயன்பாட்டுக்குப் பரிந்துரைக்கவில்லை. இவ்விரண்டும் எல்லா நாடுகளிலும் கிடைப்பதும் இல்லை. "லிக்விட் பயாப்சி" என்ற மரபணுப் பரிசோதனை, பரவிய புற்றில் மருந்தைத் தேர்ந்தெடுக்க நன்றாக உதவுகிறது. இந்த அளவுள்ள நாட்யூல் ரத்தத்தில் டி.என்.ஏ.வைப் போதிய அளவு விடுவதே அரிது.

எது கிடைத்தாலும், ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்: "குறைவு என்று வந்தால் என்ன செய்வோம், வராவிட்டால் என்ன செய்வோம்?" இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

உங்கள் அப்பாவுக்கு இப்போது எந்த ரத்தப் பரிசோதனையையும்விடப் பயன் தரக்கூடியது பழைய ஸ்கேன். வேறு எதற்காகவோ எடுத்த நெஞ்சு சி.டி. இருந்தால் தேடி எடுங்கள். ரிப்போர்ட் தாள் போதாது, படங்கள் உள்ள குறுந்தட்டு வேண்டும். திடமான நாட்யூல் இரண்டு வருடமாக அதே அளவில் இருந்தால் அது புற்றாக இருப்பது மிக அரிது. நாட்யூல் "சாலிட்" (திடமான) வகையா, "கிரவுண்ட் கிளாஸ்" (பனிமூட்டம் போல் மங்கலாகத் தெரியும்) வகையா என்றும் கேளுங்கள்; இரண்டாவது வகை மெதுவாக வளர்வதால் ஐந்து வருடம் வரை பார்க்க வேண்டியிருக்கும். உள்ளே கொழுப்போ, பாப்கார்ன் போன்ற சுண்ணாம்புப் படிவோ தெரிந்தால் பெரும்பாலும் கவலை அங்கேயே தீரும்.

பழைய படம் கிடைக்காவிட்டால், 8 மி.மீ.க்கு மேற்பட்ட திட நாட்யூலுக்கு மூன்று வழிகள்: மூன்று மாதத்தில் மறு சி.டி., பெட் ஸ்கேன், பயாப்சி. உங்கள் அப்பாவின் நிலையில் நான், சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேனிலிருந்து தொடங்குவேன். காசநோய்க் கட்டியும் அதில் பளிச்சென்று ஒளிரும்; மெதுவாக வளரும் சில புற்றுகள் ஒளிராமலும் போகும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் படம் மங்கும். மறு சி.டி. என்றால், முடிந்தவரை அதே மையத்தில், 1 மி.மீ. மெல்லிய வெட்டுகளாக எடுக்கச் சொல்லுங்கள். 2 மி.மீ.க்குக் குறைந்த வித்தியாசம் அளவிடுவதில் வரும் பிழையாகவும் இருக்கலாம். 11 மி.மீ. சுமார் 14 ஆனால் கட்டியின் கொள்ளளவு இரட்டித்துவிட்டது என்று பொருள்.

பயாப்சி பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து ஊசி போடும்போது சுமார் 15 முதல் 25 சதவீதம் பேருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசியும். பெரும்பாலும் தானே சரியாகும், சிலருக்கு மட்டும் குழாய் வைக்க வேண்டியிருக்கும். புகையால் நுரையீரல் உப்பியிருந்தால் இந்த ஆபத்து கூடும். அதை முன்பே கேட்டுவிடுங்கள். மூச்சுக்குழாய் வழியாக எடுக்கும் முறையில் காற்றுக் கசிவு குறைவு.

இதற்கிடையில் சளியில் ரத்தம், குரல் கம்மல், காரணமில்லாத எடைக் குறைவு ஏதாவது தெரிந்தால், மூன்று மாதம் காத்திருக்காமல் அந்த வாரமே நுரையீரல் மருத்துவரிடம் அப்பாவை அழைத்துப் போங்கள்.